அறை வெப்பநிலை

அறை வெப்பநிலை என்றால் இருபத்தைந்து டிகிரி
என்கிறது புத்தகம்.
எந்த ஊர் அறை என்று சொல்லவில்லை.
சித்தூர் ரோட்டில், செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்,
பாதி வெட்டிய கல்மலைக்கு எதிரே எங்கள் துறை.
மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கும்
முப்பத்தாறு காட்டும் பாதரசம்.
இருபத்தைந்தை நாங்கள் விலைக்கு வாங்குகிறோம்,
கிறிஸ்டியான்பேட்டை மீன்கடையில், கிலோ பத்து ரூபாய்.
ஐஸுக்கு பில் தரமாட்டார்கள்.
அதனால் செலவுக் கணக்கில்
என் இருபத்தைந்து டிகிரி கிடையாது.
தொட்டியில் கட்டி கரையக் கரைய
ஜிலேபிச் செதில் ஒன்று மேலே வரும்.
அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு
ஸ்டாப்வாட்சை அமுக்குவேன்.

புளியங்கொட்டைத் தோலைக் கரியாக்குகிறேன்.
குரோமியத் தண்ணீரில் போட்டுக் குலுக்குகிறேன்.
ஐந்து நிமிடம், பத்து, இருபது, முப்பது,
அறுபது, நூற்றிருபது, நூற்றெண்பது.
கரி எவ்வளவு பிடித்தது,
தண்ணீர் எவ்வளவு வைத்துக்கொண்டது.
நாலு வருஷமாக வேறெதுவும் நான் கேட்கவில்லை.
பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா
"தண்ணி சுத்தம் பண்ற படிப்பு" என்றார்.
"ஆர்.ஓ. கம்பெனியா?" என்று கேட்டுவிட்டு
பஜ்ஜி சாப்பிட்டார்கள்.

கோடு விறுவிறுவென ஏறும், சாயும், பிறகு படுக்கும்.
படுக்கிற இடத்துக்குச் சமநிலை என்று பெயர்.
அங்கேயும் ஒட்டியது விடும், விட்டது ஒட்டும்,
கணக்கு மட்டும் மாறாது.
இந்த முறை நூற்றெண்பதாவது நிமிடம்
கூடப் படுக்கவில்லை.
கீழே தனியாகக் கிடந்தது,
பந்தியில் இலை கிடைக்காதவன் மாதிரி.

"எடுத்துடு" என்றார் நவமணி மேடம்.
"ஒரு புள்ளிதானே."
எடுத்தேன். ஆர் ஸ்கொயர் மூன்று ஒன்பதுக்கு வந்தது.
மானிட்டரை அணைத்த பிறகும்
அது இருந்த இடம் தெரிந்தது.

சனிக்கிழமை பிரவல்லிகாவோடு பஸ் ஏறினேன்,
அவள் அக்காவுக்கு நிச்சயதார்த்தம்.
முதல் வருஷம் அவள். குடிபாலாவிலிருந்து வருகிறாள்.
நிதானமாக இருந்தால் தமிழ்,
அவசரம் என்றால் தெலுங்கு.
எல்லை தாண்டி, மாங்காய் லாரிகளுக்கு நடுவே
எஞ்சின் ஒரு முறை இருமி அடங்கியது.
அம்மாவிடம் போனில் சொன்னாள்:
"பஸ்ஸு ஆகிப்போயிந்தி."

ஆகிப்போயிந்தி.
நின்றுபோயிற்று.

அந்த ராத்திரி நான் மெஸ்ஸில்,
கை முழுக்கக் குருமா,
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.
"அக்கா, ஷேக்கர் ஆகிப்போயிந்தி."
ஆகிப்போச்சு என்று விழுந்தது எனக்கு.
சாயங்காலமே வைத்திருப்பாள் என்று நினைத்தேன்.
"சரி, வடிகட்டிடு" என்றேன்.
கரண்ட் போனால் அப்படித்தான் செய்யவேண்டும் போல
என்று அவள் வடிகட்டினாள்.
180 என்ற லேபிளை
மதியமே நான் ஒட்டியிருந்தேன்.

நின்ற பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் துழாவினேன்.
அந்த அழைப்பு, எட்டு ஐம்பத்திரண்டு.
அவள் பையிலிருந்த நோட்டில் தொடக்கம், எட்டு பதினொன்று.
ஐஸ் வர லேட் என்று ஓரத்தில் தெலுங்கில்.
நாற்பத்தொரு நிமிடம்.
வெளியே யாரோ தள்ளச் சொன்னார்கள்.
இறங்கித் தள்ளினோம்.

திங்கட்கிழமை புள்ளியைத் திரும்ப வைத்தேன்.
அதன் உயரத்தில் கை வைக்கவில்லை.
நூற்றெண்பதிலிருந்து இடப்பக்கம் நகர்த்தினேன்.
முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே
வளைவின் முதுகிலேயே உட்கார்ந்தது.
மேடம் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்,
மாட்டிக்கொண்டும் பார்த்தார்.
மூன்று ஒன்பதும் அப்படியே இருந்தன.
"நூத்தெண்பதை மறுபடி ஓட்டு" என்றார்.
இன்னும் மூன்று கிலோ ஐஸ்.

பத்து, இருபது, முப்பது, நாற்பத்தொன்று.
"இதென்ன கணக்கு?" என்று வைவாவில் கேட்பார்கள்.
வினை நின்ற நேரம் என்பேன்.
எந்த வினை என்று கேட்டால்
பிரவல்லிகாவைத்தான் கூப்பிட வேண்டும்.